கறுப்பு வெள்ளை நெகடிவ்: இருட்டறையிலிருந்து கணிப்பொறி வரை

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. நிழற்படத்தின் அருமையோ, அதில் உள்ளவர் மறைந்த பின்னரே தெரிகின்றது. நம் காலனியில் எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், பரண்மீதோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு தகரப் பெட்டி இருக்கக் காணலாம். பழைய ரேஷன் அட்டை, கலியாணப் பத்திரிகை, மாற்றல் உத்தரவு ஆகியவற்றின் நடுவே, காகித உறைக்குள் சில கறுப்புப் பிலிம் துண்டுகள் சுருண்டு கிடக்கும். சிறுவயதில் அவற்றை விளக்கின்முன் பிடித்து, கரிய முகமும் வெண்ணிறத் தலைமுடியுமாகத் தோன்றும் உருவங்களைக் கண்டு அஞ்சியவர் நம்மில் பலர். அவையே நெகடிவ் எனப்படுவன.

அவை எவ்வாறு தோன்றின, அவற்றின் ஆயுள் எத்தகையது, இன்று அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றித் திருத்துவது எங்ஙனம் என்பனவற்றை இக்கட்டுரையில் சுருங்கக் கூற முற்படுகிறேன். மெட்ரிக்குலேஷன் வரை படித்து, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் நான் அறிவியல் அறிஞன் அல்லேன். என் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி செய்தது. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

சாளரமும் இருநூறு கண்ணாடிகளும்

1835ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்து நாட்டின் லகாக் அபே என்னும் மாளிகையில், அதன் உரிமையாளராகிய வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பார், வெள்ளி உப்புப் பூசிய சிறு காகிதம் ஒன்றைச் சிறு மரப்பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டியின் வில்லையைத் தம் வீட்டுச் சாளரத்தை நோக்கித் திருப்பி வைத்தார். காகிதத்தில் சாளரத்தின் உருவம் பதிந்தது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு தபால் தலை அளவே. படத்தின் அருகில் டால்பட் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். புதிதாக எடுக்கப்பட்டபோது, சாளரத்தில் இருந்த சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் எண்ண முடிந்ததாம். ஒளிப்படப் பெட்டியால் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் நெகடிவ்களுள் அதுவே மிகப் பழமையானது.

1839இல் பிரான்சு நாட்டில் லூயி தாகேர் கண்ட முறை உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் எழுந்த தாகேரின் படம் மிகத் தெளிவானது. ஆயினும் அதற்கு நகல் கிடையாது. தகடு போனால் படமும் போயிற்று. டால்பட்டின் முறையோ தாயும் சேயும் போன்றது. ஒரு தாய்ப்படம் இருந்தால், அதிலிருந்து எத்தனை சேய்ப்படங்களும் எடுக்கலாம். தாய்ப்படத்துக்கு நெகடிவ் என்றும், சேய்ப்படத்துக்குப் பாசிடிவ் என்றும் பெயரிட்டவர் வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். படத்தை நிலைநிறுத்த ஹைப்போ என்னும் உப்பு உதவும் எனக் காட்டியவரும் அவரே.

நெகடிவில் வெளிச்சம் ஏன் கறுப்பாகிறது? பிலிமின் மேற்பூச்சில் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் உள்ளன. ஒளி பட்ட படிகங்கள் மருந்துக் கரைசலில் கரிய வெள்ளித் துகள்களாக மாறுகின்றன. ஒளி படாதவை ஹைப்போவில் கரைந்து போகின்றன. ஆகவே பளிச்சென்ற வானம் நெகடிவில் கரியதாயும், கருங்கூந்தல் தெளிந்த கண்ணாடி போலவும் தோன்றுகின்றன. நம் பெட்டியில் கிடப்பது வெறும் பிலிம் அன்று. வெள்ளியால் எழுதிய எழுத்து எனலாம்.

தஞ்சைக்கு வந்த தளபதி

இக்கலை நம் தமிழகத்தை அடைய நெடுங்காலம் ஆகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். பளுவான கருவிகளையும் மருந்துகளையும் சுமந்துகொண்டு, 1858ஆம் ஆண்டில் அவர் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய இடங்களில் படங்கள் எடுத்தார். பெரும்பாலும் மெழுகிட்ட காகிதமே அவருடைய நெகடிவ்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இன்று கைபேசியில் விரலசைவில் எடுக்கும் அகலப்படத்தை, அன்று கத்திரியும் பசையும் கொண்டு அவர் செய்து முடித்தார்.

படத்தைத் திருத்துதல் கணிப்பொறியோடு பிறந்த வழக்கம் என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. அக்காலக் காகித நெகடிவில் வானம் வெறுமையாகவும், மரத்தின் இலைகள் ஒரே கருந்திரளாகவும் விழும். ஆதலின் டிரைப், நெகடிவின் மேலேயே வண்ணம் தீட்டி, வானத்தில் மேகங்களை வரைந்தார். இலைகளுக்கு வெளிச்சம் ஊட்டினார். பிற்காலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் நெகடிவைச் சாய்ந்த மேசையில் வைத்துக்கொண்டு, கூர்தீட்டிய பென்சிலால் முகச் சுருக்கங்களை நீக்கும் கலைஞர் இருந்தனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நெகடிவின்மேல் தீட்டிய பென்சில் கோடு நெகடிவிலேயே நிற்கும். உற்றுப் பார்ப்பவர் கண்டுகொள்வர். இன்றைய திருத்தம் தடயமின்றி மறைந்துவிடுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கண்ணாடியிலிருந்து பிலிமுக்கு

1851இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ட ஈரத்தகட்டு முறையால், காகிதத்தின் இடத்தைக் கண்ணாடி பிடித்தது. தகடு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே இருட்டறைக்குள் ஓடவேண்டும். 1871இல் ரிச்சர்டு மாடக்ஸ் என்னும் மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். 1888இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே செல்லுலாய்டுப் பிலிம் சுருள் வந்தது. படமெடுத்தல் ஸ்டூடியோவை விட்டு வீட்டுத் திண்ணைக்கு இறங்கிற்று. 1925இல் ஜெர்மனியின் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தபின், 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சிறு படச்சட்டம் உலகெங்கும் பரவியது.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் தோன்றி, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிலவைக் குறிக்கும் ‘இந்து’ என்னும் பெயருடன் அதன் பிலிம்கள் நாடெங்கும் சென்றன. வெள்ளிக்கும் நிலவுக்கும் பொருத்தமான பெயர்தான். எண்ணியல் காமிராக்கள் பெருகியபின் பிலிமுக்கு மதிப்புக் குன்றியது. அவ்வாலையும் நலிந்து மூடப்பட்டுவிட்டது.

பிலிமைப் பிடிக்கும் நோய்

ஈஸ்ட்மன் காலத்துச் செல்லுலாய்டு, நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீருக்குள் இட்டாலும் அணையாது. 2003இல் புனே நகரில் நேர்ந்த ஒரு தீவிபத்தில், நம் நாட்டின் பழைய நைட்ரேட் திரைப்படச் சுருள்கள் பல எரிந்து சாம்பலாயின. 1950களின் தொடக்கத்தில் நைட்ரேட் கைவிடப்பட்டு, அசிடேட் என்னும் பாதுகாப்புப் பிலிம் முழுமையாக அதன் இடத்தைப் பெற்றது. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இவ்வகையினவே.

அசிடேட் தீக்கு அஞ்சாது; ஆனால் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அஞ்சும். நாளடைவில் பிலிமின் அடித்தளம் சிதைந்து, அதிலிருந்து அசிடிக் அமிலம் வெளிப்படுகின்றது. வினிகரின் புளிப்பு மணமே அதன் அடையாளம். வெளிப்பட்ட அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். மூடிய பெட்டியானால் பக்கத்துப் பிலிமையும் பற்றும். பிலிம் சுருங்கி நெளியும்; மேற்பூச்சு உரிந்து போகும். வங்கத்தின் புழுக்கத்தில், ஆண்டில் பாதி நாள் சுவர்களே வியர்க்கும் நம் கரக்பூர் போன்ற ஊரில், தகரப் பெட்டிக்குள் கிடக்கும் பிலிமின் நிலையை நான் சொல்ல வேண்டுவதில்லை.

எண்ணாக மாறிய ஒளி

இனி, கணிப்பொறி இக்கதையில் புகுந்தவாற்றைக் காண்போம். 1957இல் அமெரிக்க நாட்டின் தரநிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பாரும் அவர் குழுவினரும், படத்தை எண்களாக மாற்றும் சுழல் உருளைக் கருவி ஒன்றைச் செய்தனர். அதில் முதன்முதல் ஏற்றிய படம், கிர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம். ஐந்து சென்டிமீட்டர் சதுரமுள்ள அப்படம், வரிசைக்கு 176 புள்ளியாக 176 வரிசைகளாகப் பகுக்கப்பட்டது. ஆகமொத்தம் 30,976 புள்ளிகள். டால்பட் தம் சாளரத்தில் கண்ணாடிகளை எண்ணினார். கிர்ஷ் தம் குழந்தையின் முகத்தைப் புள்ளிகளாக எண்ணினார். இடையில் கழிந்தவை 122 ஆண்டுகள்.

1969இல் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் ஒளியை மின்னூட்டமாக மாற்றவல்ல நுண்சில்லுக்கு வழிகண்டனர். அதற்காக 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். காமிராக்களிலும் ஸ்கேனர் என்னும் வருடுபொறிகளிலும் அச்சில்லு கண்ணாக அமைந்தது.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நோல், தம் கணிப்பொறியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கென ஒரு நிரல் எழுதினார். அவருடைய தந்தை வீட்டில் இருட்டறை வைத்திருந்தவர். மைந்தரும் அதில் பழகியவர். தம்பி ஜான் நோலும் சேர்ந்துகொள்ள, அந்நிரல் வளர்ந்து 1990இல் ஃபோட்டோஷாப் என்னும் பெயரில் வெளிவந்தது. இருட்டறையில் படத்தின் ஒரு பகுதிக்கு ஒளியைக் கையால் மறைப்பர். வேறொரு பகுதிக்குக் கூடுதல் ஒளி தருவர். அவ்விரு செயல்களும் அவற்றின் பெயர்களுடனேயே கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டன. தந்தையின் இருட்டறை மைந்தரின் கணிப்பொறிக்குள் வாழ்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

பாட்டியின் மச்சம்

இப்போது என் வீட்டு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். என் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு அவ்விடத்தில் வேலை கிடைத்தது. அவர் விட்டுச்சென்ற பொருள்களுள் ஒன்று ஆக்ஃபா கிளிக் 3 காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். 1972இல் பாஸ் எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்றபோது, தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தின் அருகில் என் தாயாரின் தாயாரை நிறுத்தி அவர் ஒரு படம் எடுத்தார். நான் பிறப்பதற்கு முன்பே பாட்டி மறைந்துவிட்டார். அச்சிட்ட படம், நாங்கள் மாற்றலாகி வந்தபோது எங்கோ தவறிப் போயிற்று. பாட்டிக்கு வேறு படம் இல்லை.

சென்ற ஆண்டு பெட்டியைத் திறந்தபோது புளித்த நெடி மூக்கில் ஏறியது. “ஊறுகாய் ஏதாவது கொட்டிப்போச்சாடா?” என்று அம்மா கேட்டார். பன்னிரண்டு உறைகளில் இரண்டு பயனற்றுப் போயிருந்தன. ‘தஞ்சை, 1972’ என்று அப்பா பென்சிலால் எழுதிய உறை தப்பியிருந்தது. அதனை நகரிலுள்ள ஒரு நிலையத்தில் கொடுத்துக் கணிப்பொறியில் ஏற்றச் சொன்னேன். மறுவாரம் பெரிய படமாக அச்சிட்டுத் தந்தார்கள். மிகத் தூய்மையான படம். சட்டம் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு, “படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்லைடா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “மோவாயில மச்சம் எங்கே? நெத்தியில கோடு எங்கே? இது யாரோ” என்றவர், உடனே, “நெகடிவைத் திருப்பி வாங்கினியா?” என்று கேட்டார். நான் வாங்கவில்லை! படம்தான் வந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். அலுவலகத்தில் நகல் எடுத்தபின் அசல் கோப்பைக் குப்பையில் எறிவேனா? இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவனுக்கு அந்த எண்ணம் தோன்றவில்லை. நிலையத்துக்கு ஓடினேன். நெகடிவ், அனுப்ப மறந்த உறைகளின் நடுவே கிடந்தது. அங்கிருந்த இளைஞர், கரும்புள்ளியைக் கறை எனக் கருதித் துடைத்துவிட்டதாகக் கூறினார். திருத்தாத மூலப்பதிவு அவரிடம் இல்லை. திருத்தியதை அதன் மேலேயே சேமித்துவிட்டார். அவரைக் குறைகூறி என்ன பயன்? பாட்டியை அவர் கண்டாரா?

பின்னர்ப் படித்தபோதுதான் ஓர் உண்மை விளங்கியது. நெகடிவின்மேல் படியும் தூசி ஒளியை மறைக்கும். எனவே படத்தில் அது வெண்புள்ளியாகவே விழும். மேற்பூச்சில் நுண்துளை இருந்தால் மட்டுமே கரும்புள்ளி விழும். அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்டுகொள்ளலாம். டால்பட் செய்தது போலக் கண்ணாடி கொண்டு பார்த்தேன். துளை இல்லை. அது பாட்டியின் மச்சமே.

நம் சங்கத்து இளைஞர் ஒருவரின் உதவியால் மீண்டும் வருடினோம். அவ்வேலையில் கற்றவற்றை அன்பர்களின் பயன்கருதித் தருகிறேன்.

செய்முறை

முதலாவது, நெகடிவின் மங்கலான பக்கமே மேற்பூச்சு. அதில் விரல் படலாகாது. பருத்திக் கையுறை அணிந்து, ஓரத்தைப் பிடித்து, ரப்பர் ஊதுகுழலாலும் மெல்லிய தூரிகையாலும் தூசியை நீக்க வேண்டும். இதில் சோம்பல் ஆகாது. வண்ணப் பிலிமின் தூசியை அகச்சிவப்புக் கதிரால் கண்டு தானே நீக்கும் வசதி பல ஸ்கேனர்களில் உண்டு. கறுப்பு வெள்ளைப் பிலிமிலுள்ள வெள்ளி அக்கதிரையும் மறைத்துவிடும். ஆகவே பொறி படத்தையே தூசியென மயங்கும். அவ்வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.

இரண்டாவது, அலுவலகத் தாள்களை நகலெடுக்கும் ஸ்கேனர் இதற்கு உதவாது. மூடியிலும் விளக்குள்ள, பிலிமுக்கு ஏற்ற ஸ்கேனர் வேண்டும். அங்குலத்துக்கு 2,400 புள்ளி என்று வைத்தால், லைக்கா அளவுச் சட்டத்துக்குச் சுமார் 77 லட்சம் புள்ளிகளும், அப்பாவின் சதுரச் சட்டத்துக்குச் சுமார் 2 கோடியே 80 லட்சம் புள்ளிகளும் கிடைக்கும். சாயல்களுக்கு 16 பிட் என்னும் அளவே சிறந்தது. 8 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகளே உள்ளன. 16 பிட்டில் 65,536 படிகள். இருண்ட படத்தை வெளிச்சமாக்கும்போது இவ்வேறுபாடு தெரியும்.

மூன்றாவது, முதற்பதிவை டிஃப் வடிவில் சேமித்து, அதனைத் தொடாமல் வைக்க வேண்டும். ஜேபெக் வடிவம் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது நுட்பத்தை இழக்கும். திருத்தமெல்லாம் நகலில்தான். நகலைத் தலைகீழாக்கினால் கறுப்பு வெள்ளையாகும். பின் கரிய எல்லையையும் வெண்மை எல்லையையும் அமைத்து, நடுச்சாயலைச் சீராக்கி, தூசியின் வெண்புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். கீறலை நீக்குக, சுருக்கத்தை நீக்காதீர். பிலிமில் காலம் இட்ட கறை வேறு. முகத்தில் வாழ்க்கை இட்ட கோடு வேறு.

நான்காவது, வேலை முடிந்தபின் நெகடிவைக் காகித உறையிலிட்டு, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். புளிப்பு நெடி வீசுவனவற்றைப் பிரித்துவிட வேண்டும். அவற்றையே முதலில் வருட வேண்டும்.

இவ்வாறு செய்தபோது பாட்டியின் முகம் திரையில் எழுந்தது. மச்சம் இருந்தது. தோளுக்குப் பின்னால் பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டு எழுத்துகளும் தெளிவாக நின்றன. டிரைப் பத்தொன்பதடிச் சுருளில் பிடித்த அதே கல்லெழுத்துகளின் ஒரு சிறு பகுதி! அம்மா படத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டார்.

ஒரு வேண்டுகோள்

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை எண்ணியல் வடிவில் காத்துவைத்துள்ளது. பெரியோர் செய்யும் அப்பெரும்பணியைச் சிறிய அளவில் நம் சங்கமும் செய்யலாகாதா?

அப்பாவின் உறை ஒன்றில், நம் சங்கத்தின் பழைய ஆண்டுவிழா நாடகப் படம் உள்ளது. வேடமணிந்த ஐவர் நிற்கின்றனர். மூவரை அம்மா அறிவார். மற்ற இருவரை இன்று அறிவார் இல்லை. கணிப்பொறி அவர்களின் முகத்தைத் துலக்கிக் காட்டிவிட்டது. பெயரைச் சொல்ல அதனால் ஆகவில்லை. அப்பெயர்களை அறிந்த முதியோர் ஓரிருவரேனும் நம் காலனியில் இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நம் கடமை.

ஆகவே அன்பர்களே, இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் பரணிலுள்ள பெட்டியை இறக்குங்கள். முகர்ந்து பாருங்கள். ஒவ்வோர் உறையின்மேலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள். பிறகு சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறுதோறும் மாலையில் நானும் இளைஞர் சிலரும் வருடித் தரக் காத்திருக்கிறோம். நெகடிவை மட்டும் மறவாமல் கையோடு திருப்பி வாங்கிச் செல்லுங்கள். நாடகத்தில் நின்ற அவ்விருவரின் படத்தை விழா மண்டப வாயிலில் வைத்துள்ளேன். அறிந்தவர் பெயர் சொல்லி உதவுக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!